சிப்பியில் ஏறிய செம்பு

“இதைக் கழட்டவே மாட்டியே?”

நிச்சயத்தன்று பிளாரன்ஸ் மாமி கேட்ட கேள்வி அது. ஐந்து பவுன் சங்கிலியை ஏஞ்சலினின் கழுத்தில் மாட்டி, கொக்கியைப் பல்லால் கடித்து இறுக்கிவிட்டுக் கேட்டார். மாமியின் மகன், மாப்பிள்ளை ஜாய்சன், கப்பல் வேலையில் இருந்ததால் அவனுக்கும் சேர்த்து மாமியே வாக்கு வாங்கிக்கொண்டார்.

“மாட்டேன் மாமி” என்றாள் ஏஞ்சலின். கூடத்தில் இருந்த முப்பது பேரும் கேட்டார்கள்.

அதற்கு மூன்றாவது வாரம் சிப்பியில் செம்பு ஏறியது.

ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவள் ஏஞ்சலின். ஆனால் துறைமுகத்துக்குப் பக்கத்து ஆய்வுக்கூடத்தில் அவளைப் போல் சிப்பி சீவ ஆள் கிடையாது. முத்துச்சிப்பியின் செவுளை உறையவைத்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடித் தகட்டில் ஒட்டுவாள். லேசர் அதை வரிவரியாகச் சுடும். கிளம்புகிற புகையை மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர் உறிஞ்சி, அதிலுள்ள அணுக்களை எடைவாரியாகப் பிரித்து, எந்த இடத்தில் எந்த உலோகம் எவ்வளவு என்று திரையில் படம் போட்டுக் காட்டும். செம்புக்குச் சிவப்பு, துத்தநாகத்துக்கு நீலம். சிப்பி எதைக் குடித்து வளர்ந்ததோ அதெல்லாம் படத்தில் வந்துவிடும்.

அன்று வந்த படத்தில் சிப்பி இருந்த இடம், இல்லாத இடம் எல்லாம் ஒரே சிவப்பு.

“வெறும் கண்ணாடியிலயுமா செம்பு?” ஆய்வுக்கூடத் தலைவி டாக்டர் அனுசியா மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். “திங்கட்கிழமை நம்ம வேலையைப் பாக்கக் கமிட்டி வருது ஏஞ்சலின். படம் சுத்தமா இருந்தா ஒன் பேரை நிரந்தர வேலைக்கு எழுதுவேன். இல்லைன்னா சிப்பியை மெட்ராஸுக்கு அனுப்பி அங்க சீவிக்கிடுங்கன்னு சொல்லிருவாங்க.”

“மெட்ராஸ்ல சிப்பியத் தொறக்கவே தெரியாது மேடம். நான் சரி பண்ணுதேன்.”

கத்தியை மாற்றினாள். செம்பு போகவில்லை. தண்ணீரை மாற்றினாள். போகவில்லை. மிஷின் ஓட்டுகிற மகாராஜன் அண்ணாச்சி திரையைப் பார்த்து, ரயில் வருவதை அறிவிக்கிறவர் மாதிரி வாசித்தார்: “செம்பு நேத்தைக்கு நாப்பது. இன்னைக்கு அம்பத்தஞ்சு.”

“கூடுதா அண்ணாச்சி?”

“கூடுது தாயி.”

கவலையில் அவளுக்கு வேர்த்தது. வேர்த்தால் கழுத்து அரித்தது. கொஞ்ச நாளாகவே சங்கிலி படுகிற இடம் லேசாகப் பச்சையாகியிருந்தது. உப்புக்காற்று என்று நினைத்துக்கொண்டாள். அரிப்புக்கு வேர்க்குருப் பவுடரை அள்ளிப் பூசிக்கொண்டு வேலைக்கு வந்தாள்.

“மேடம்! இப்ப துத்தநாகமும் ஏறிட்டு!” என்றார் அண்ணாச்சி. “நீலமா ஊத்துது. படம் கடல் மாதிரி இருக்கு.”

அனுசியா எழுந்து வந்து அவள் கழுத்தைப் பார்த்தார். “இது என்ன பூச்சு?”

“பவுடர் மேடம்.”

“அந்தப் பவுடர்ல துத்தநாகம் இருக்கு. கழுவிட்டு வா. ஆமா, கையுறையோட எதுக்குக் கழுத்தைத் தொட்டுக்கிட்டே இருக்கே?”

ஏஞ்சலின் நாக்கைக் கடித்தாள். சங்கிலி பத்திரமாக இருக்கிறதா என்று ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் தொட்டுப் பார்ப்பது பழக்கமாகியிருந்தது. அதே கையோடு கண்ணாடித் தகட்டையும் எடுப்பாள்.

“தங்கச் சங்கிலியில இருந்து இவ்வளவு செம்பு வராது” என்று யோசித்தார் அனுசியா. “ஆனாலும் எதுக்கு வம்பு? கழட்டி வச்சிரு.”

“அது மட்டும் முடியாது மேடம். வாக்குக் குடுத்திருக்கேன்.”

“வாக்குக் குடுத்தது மிஷினுக்குத் தெரியுமா?”

ஏஞ்சலினுக்கு வாக்கும் வேண்டும், வேலையும் வேண்டும். ராத்திரி புளியைக் கரைத்துச் சங்கிலியை அரைமணி நேரம் தேய்த்தாள். மினுங்கியது. அழுக்கு விட்டது என்று சந்தோஷப்பட்டாள். மறுநாள் செம்பு எண்பது.

அடுத்து மருந்துக்கடைக்குப் போய் மூன்று சுருள் பிளாஸ்திரி வாங்கிவந்து, சங்கிலியைக் கழுத்தோடு சேர்த்துச் சுற்றி ஒட்டினாள். கழுத்தைத் திருப்ப முடியவில்லை. இடதுபக்கம் பார்க்க உடம்போடு திரும்பினாள்.

“கழுத்துப் பிசகிட்டா தாயி?”

“படத்தைச் சொல்லுங்க அண்ணாச்சி.”

“செம்பு எறங்கிட்டு.”

“மாதாவே!”

“துத்தநாகம் மூணு மடங்கு ஏறிட்டு.”

பிளாஸ்திரிப் பசையிலும் துத்தநாகம் இருக்கிறதாம். அனுசியா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெள்ளிக்கிழமை காலையில் ஏஞ்சலின் பல்லைக் கடித்துக்கொண்டு பிளாஸ்திரியை உரித்தாள். சங்கிலியைக் கழற்றிச் சாப்பாட்டு டப்பாவில் போட்டு மூடினாள். அன்று சீவிய பன்னிரண்டு தகட்டின் படங்களும் பளிச்சென்று வந்தன. சிப்பியின் செவுள் மட்டும் விசிறி விசிறியாக மின்ன, சுற்றிலும் சுத்தமான கறுப்பு. அனுசியா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

அந்தச் சந்தோஷத்தில் சங்கிலியை மறந்து, நேரே மாதா கோயிலுக்கு மாலைப் பூசைக்குப் போய்விட்டாள். கோயில் வாசலில் பிளாரன்ஸ் மாமி நின்றிருந்தார். அவர் கண் நேராக ஏஞ்சலினின் வெறுங்கழுத்தில் போய் நின்றது.

“ஏளா, சபைக்குப் போயிட்டியா?”

மாதா கோயிலை விட்டு ஜெபச் சபைக்குப் போனவர்கள் நகை போடமாட்டார்கள். மாமி கேட்டது பின்னால் நின்ற நாலு பேர் காதிலும் விழுந்தது.

“இல்ல மாமி. பூசைக்குத்தானே வந்திருக்கேன்?”

“பெறகு சங்கிலி எங்க?”

“டப்பாவுல இருக்கு.”

“எந்த டப்பாவுல?”

“சோத்து டப்பாவுல.”

மாமி நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார்.

பூசை முடிவதற்குள் ஊர் வாயில் ஏஞ்சலின் சபையில் சேர்ந்துவிட்டாள். வீட்டுக்கு வருவதற்குள் ஞானஸ்நானமும் வாங்கிவிட்டாள். தெருமுனையில் ஒருத்தி, “எந்தத் தண்ணியில முழுக்குனாங்க?” என்றே கேட்டாள்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மாமி ஆய்வுக்கூடத்துக்கே வந்துவிட்டார். உடம்பு நிறைய மகன் வாங்கி அனுப்பிய நகை. அவரைக் கண்டதும் அண்ணாச்சி மிஷினுக்கு முன்னால் கையை விரித்து மறித்துக்கொண்டு நின்றார்.

“டாக்டரம்மா, ஏம் மருமவ கழுத்தை மூளியாக்குனது நீங்கதானா?”

“கோவிக்காதீங்கம்மா. நகையில இருந்து அழுக்கு ஒட்டுது...”

“அழுக்கா? ஏம் மவன் போட்ட சங்கிலியிலயா? அசல் நைன் ஒன் சிக்ஸ் தங்கம்! ஏளா, ஒரே பேச்சு. சங்கிலியப் போட்டுக்கிட்டு இப்பமே எங்கூட வீட்டுக்கு வா. இல்ல, இங்கனயே சிப்பி சீவிக்கிட்டுக் கெட.”

ஏஞ்சலின் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். சங்கிலியை எடுத்து மேசையில் வைத்தாள்.

“சொன்ன சொல்லு தவறுனதுக்கு மன்னிச்சிருங்க மாமி. கல்யாணத்தன்னைக்குப் போட்டுக்கிடுதேன். வேலைய விடமாட்டேன்.”

“அப்பம் ஏஞ் சங்கிலி அழுக்குன்னே சொல்லுதியா? ஒங்க மிஷினுக்குக் கண்ணு இருந்தா இதைப் பாத்துச் சொல்லச் சொல்லுங்க! சிப்பி பாக்குற மிஷினுக்குத் தங்கத்தப் பத்தி என்ன தெரியும்?”

“நல்ல யோசனை” என்றார் அனுசியா. “தங்கத்தையும் பாத்துருவோம் அண்ணாச்சி. அதுக்கு மஞ்சள் நெறம் போடுங்க.”

அண்ணாச்சி சங்கிலியைப் புதுக் கண்ணாடித் தகட்டில் அழுத்தித் தேய்த்து எடுத்தார். தகட்டை உள்ளே வைத்தார். லேசர் டிக் டிக்கென்று சுட்டது. மாமி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஏஞ்சலின் வெறுங்கழுத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சிவப்பு வந்தது. நீலம் வந்தது. மஞ்சளுக்கு ஒதுக்கிய கட்டம் மட்டும் கறுப்பாகவே இருந்தது. அண்ணாச்சி மூன்று தரம் ஓட்டிப் பார்த்தார். பிறகு, மாமிக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று, சிரித்த முகத்தோடு திரும்பினார்.

“அம்மா, ஒங்க தங்கத்து மேல ஒரு குத்தமும் சொல்ல முடியாது. குத்தம் சொல்ல இதுல தங்கம் இருந்தாத்தானே! பூராவும் பித்தளை.”

பிளாரன்ஸ் மாமி எழுந்தார். சேலைத் தலைப்பை இழுத்துத் தன் கழுத்து நகைகளை மூடிக்கொண்டார். மேசையில் கிடந்த சங்கிலியை எடுக்காமல் படியிறங்கிப் போனார்.