அரைப்பேர் மாமா வாங்கிய பெரிய லெப்டொப்

கடவுளே நேரில் வந்து நின்றாலும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "அரைப்பேருதான் போடலாம்" என்று சொல்லக்கூடிய ஒரே மனிதர் எங்கள் அரைப்பேர் மாமாதான். தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடை குறைந்தால் அன்றைக்கு அரை நாள் சம்பளம். அதற்குப் பெயர்தான் அரைப்பேர். மாமா கங்காணி வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், பழக்கம் ஓய்வு பெறவில்லை. கல்யாண வீட்டுச் சாம்பாருக்கு அரைப்பேர். தேர்தலுக்கு வந்து கும்பிட்டுவிட்டுப் போனவருக்கு அரைப்பேர். என் கல்யாணத்தன்று மணவறைக்கே வந்து, மாலையும் கழுத்துமாக இருந்த என்னை மேலும் கீழும் பார்த்து, மணப்பெண் காதுபட அதையே சொன்னார். என் மனைவி இன்றுவரை அதை விடவில்லை.

அப்புத்தளைக்குக் கீழே, தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் அவர் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். ஞாயிற்றுக்கிழமை அவர் போடும் சத்தம் முழுக்க என் வீட்டில் கேட்கும். அன்றைக்குத்தான் டுபாயிலிருந்து மகள் கோமதி போனில் வீடியோவில் வருவாள். அவள் அம்மா லெட்சுமி அத்தைக்குக் காது கேட்காது. ஃபெக்டரியில் கொழுந்து அரைக்கிற மெஷினுக்குப் பக்கத்தில் நின்று நின்றே போன காது அது. ஆனால் எதிரே இருப்பவர் வாயசைவைப் பார்த்து ஒரு சொல் விடாமல் பிடித்துவிடுவார். கோமதியின் வாயோ அந்தச் சின்ன போனில் மிளகு அளவுக்குத்தான் தெரியும். அதனால் அவள் பேசுவதை மாமா கேட்டு, அத்தை பக்கம் திரும்பி, வாயை அகலமாகத் திறந்து சொல்வார்.

கோமதி அரை மணி நேரம் பேசுவாள். மாமா சொல்வது இவ்வளவுதான்: "சாப்பிட்டாளாம். நல்லா இருக்காளாம்."

ஒரு ஞாயிறு அத்தை வெடித்துவிட்டார். "அம்புட்டு நேரம் வாயசைச்சது இதுக்குத்தானா? எம்புள்ள பேசுறத நானே பாக்கணும். பெருசா தெரியிற மாதிரி ஒண்ணு வாங்குங்க. இல்லாட்டி இனிமே அந்தப் போன எடுக்கவே வேணாம்!"

மாமா, அத்தை, நான் மூன்று பேரும் பதுளைக்கு பஸ் ஏறினோம். என்னைப் போல் பத்திரிகைக்கு எழுதுகிறவனுக்கு லெப்டொப் பற்றி எல்லாம் தெரியும் என்று மாமாவுக்கு ஒரு நினைப்பு. எனக்குத் தெரிந்தது அதைத் திறக்கவும் மூடவும்தான்.

"வீட்டுப் பாவனைக்குத்தான். படம் பெருசா, விலை கையக் கடிக்காம இருக்கணும்" என்று நான் கடை முதலாளியிடம் சொல்லி முடிக்கவில்லை, மாமா உள்ளே புகுந்தார்.

"மொதல்ல எல்லாத்தையும் வரிசையா நிறுத்துங்க முதலாளி. பெரட்டு பாக்கணும்."

காலையில் ஆட்களை வரிசையாக நிறுத்தி வேலை பிரிக்கிற பெரட்டைத்தான் சொல்கிறார். முதலாளி பாவம், இருந்த லெப்டொப்பையெல்லாம் திறந்து மேசையில் நிறுத்தினார். மாமா கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடந்தார். அந்த நடையைப் பார்த்து, சார்ஜர் வாங்க வந்த ஒருவர் தானும் வரிசையில் போய் நின்றுகொண்டார்.

"இதப் பாருங்கய்யா, புதுசு. ஒரு கிலோதான்" என்றார் முதலாளி பெருமையாக.

மாமா தூக்கிப் பார்த்தார். "ஒரு கிலோவுக்கு எவன் பேரு போடுவான்? அரைப்பேரு."

"ஐயா, லேசா இருந்தாத்தான் விலை கூட!"

"நல்லாருக்குங்க ஞாயம்! கொறைய நிறுத்தா கூடக் காசா? இது தெரியாம எங்க பொம்பளைங்க முதுகொடியச் சுமந்தாங்களே!"

அடுத்ததாக மடியிலிருந்து அளவு நாடா வந்தது. "பதினேழு இஞ்சி" என்று சொன்ன திரையை மாமா குறுக்கே அளந்தார். முகம் சிவந்துவிட்டது.

"பதினஞ்சுதானங்க வருது! ரெண்டு இஞ்சி எங்க போச்சு?"

"இத மூலைக்கு மூலைதான்யா அளப்பாங்க."

"மூலைக்கு மூலையா? எங்க லயத்து ரூமை அப்பிடி அளந்து கணக்குக் காட்டியிருந்தா தொரைய சும்மா விட்டிருப்போமா?"

முதலாளி எல்லாருக்கும் பிளேன்டீக்குச் சொல்லி அனுப்பினார். "எனக்குச் சீனி நெறைய" என்றார் மாமா, அத்தை பார்க்காத பக்கமாகத் திரும்பி.

பிறகு அசல் பரீட்சை. என்னைத் தெருவுக்குத் துரத்தி, என் போனிலிருந்து லெப்டொப்புக்கு வீடியோவில் பேசச் சொன்னார்கள். அத்தை உள்ளே திரைக்கு முன்னால். பாட்டெல்லாம் போட்டு ஸ்பீக்கரைக் காட்ட வந்த முதலாளியை மாமா தடுத்துவிட்டாராம். "சத்தம் எங்களுக்கு வேணாங்க. ஸ்பீக்கரக் கழட்டிட்டு வெலையக் கொறைங்க."

சின்னத் திரையில் என்னைப் பார்த்து, "மீசை தெரியுது, பேச்சு தெரியல" என்றார் அத்தை. அடுத்ததிலும் அப்படியே. கடைசியில், ரொம்பப் பாரம் என்று யாரும் எடுக்காமல் மூலையில் கிடந்த ஒன்றைத் தூக்கி வைத்தார்கள். தெருவில் வெயில். எனக்குப் பசி. சத்தம்தான் இல்லையே, இதிலும் பேச்சு தெரியப் போவதில்லை என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

உள்ளே அத்தை கடை முழுக்கக் கேட்கிற மாதிரி ஒப்பித்தார்: "இந்தக் கெழவனோட வந்தேன் பாரு, என்னச் சொல்லணும். பசி உசுரு போகுது. கடைக்காரர் என்ன பாவம் செஞ்சாரோ!"

நான் தலையைச் சொறிந்துகொண்டு உள்ளே வந்தேன். "படம் தெளிவுதான்" என்றார் மாமா.

மேசையிலேயே கிடக்கப் போகிற சாமானுக்குப் பாரம் ஒரு குறையா? விற்காத சரக்கு என்பதால் முதலாளி விலையையும் இறக்கினார். அத்தை அதை யாரிடமும் கொடுக்காமல் அப்புத்தளை வரைக்கும் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

அடுத்த ஞாயிறு மேசையில் கோமதியின் முகம் நிறைந்து நின்றது. அவள் பேசப் பேச அத்தையின் உதடும் கூடவே அசைந்தது. கண்ணீர் வழிய வழியச் சிரித்தார். மாமா வேலை போன மனிதர் மாதிரி, பிளேன்டீயோடு வாசலில் நின்றார்.

திடீரென்று அத்தை திரும்பினார். "ஒங்களுக்குச் சீனி வருத்தம்னு கிளினிக்ல சொன்னத எம்புள்ளகிட்ட மட்டும் சொன்னீங்களா?"

மாமா கோப்பையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனார்.

"அப்பாவுக்குச் சீனி குடுக்காதம்மான்னு வாராவாரம் கத்தியிருக்கா எம்புள்ள. நீங்க என்னடான்னா நல்லா இருக்காளாம், நல்லா இருக்காளாம்னு!"

கோப்பை பறிபோனது. சீனியில்லாத புதுக் கோப்பை வந்தது. ஒரு மிடறு குடித்துவிட்டு, "இதுக்கு அரைப்பேரு கூடப் போட முடியாது" என்றார்.

நான் மெதுவாகக் கேட்டேன். "படம் பெருசானா குட்டு வெளிய வந்துரும்னு தெரியாதா மாமா? சின்னதா ஒண்ண எடுத்திருக்கலாமே?"

"தெரியும்டா."

உள்ளே அத்தை மறுபடி சிரித்தார், லயம் முழுக்கக் கேட்கிற சிரிப்பு. மாமா அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.

"காது போறதுக்கு முந்தி இப்பிடித்தான் சிரிப்பா" என்றார். கசப்புத் தேத்தண்ணீரை இன்னொரு மிடறு விழுங்கினார். "இந்தச் சிரிப்புக்கு முழுப்பேரு போட்டுரலாம்."

அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. மாமாவுக்கு நான் எப்போதோ முழுப்பேர் போட்டுவிட்டேன். முகத்துக்கு நேரே சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது.