மெட்டு அம்மாவிடம் இருக்கிறது

ஒருவர் தனியாகப் பாடுவதைக் கேட்டால் எனக்குக் கை கால் பதறும். கட்டிலை ஒற்றை ஆளாகத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகிறவரைப் பார்த்தால் ஓடிப்போய் மறுபக்கம் பிடிக்கத் தோன்றுமே, அந்த மாதிரி. இதைப் பிறவிக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. நெய்யூர்ப் பக்கம் எங்கள் கிறிஸ்தவ சபையில் வளர்ந்தால் யாருக்கும் வரக்கூடியதுதான். அங்கே பாடகர் குழுவில் சேராதவனுக்குப் பெண் கிடைப்பதே கஷ்டம். (நான் பேஸ், அதாவது ஆகக் கீழே உறுமுகிற குரல். எனக்குப் பெண் கிடைத்தது.) என் மனைவி ஸ்டெல்லா சோப்ரானோ. பாட்டின் மெட்டு அவளுடையது. அவள் தம்பி வில்சன் டெனர், ஆண் குரலில் மேலே உள்ளது. மகள் ஷெர்லின் ஆல்டோ. வெள்ளைக்காரர் மெட்டில் அமைந்த ஒரு ஞானப்பாட்டை நாலு குரலாகப் பிரித்துப் பாட எங்கள் வீட்டுக்கு வெளியாள் தேவையில்லை.

இந்த ஷெர்லின் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், கல்லூரியில் இசை படிக்கப் போகிறேன் என்றாள். நானோ குழித்துறையில் என் பாத்திரக் கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் மகள் நர்சிங் சேரப் போவதாகச் சொல்லி வைத்திருந்தேன். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிந்தேன். அவள் என்னைவிட உயரமாகத் தூக்கி வைத்திருந்தாள். தோற்றுப்போனேன்.

அந்த நேரம் பார்த்து துபாயிலிருந்து லீவில் வந்து சேர்ந்தான் வில்சன்.

"அத்தான், அப்ளிகேஷன் போட்டுட்டு சும்ம இருக்காண்டாம். எனக்க முதலாளிக்க மவன் காலேஜ் சேருததுக்கு முந்தி ஒவ்வொரு டிப்பார்ட்மென்டா நேர்ல போய்ப் பாத்தான். அதுக்குப் பேரு விசிட்டாக்கும். காலேஜ் நம்மள இன்டர்வியூ பண்ணப்பிடாது. நாமதான் அதுகள இன்டர்வியூ பண்ணணும்."

எனக்கு இது ரொம்பப் பிடித்துப்போனது. கடையில் உட்கார்ந்துகொண்டு கல்லூரி கல்லூரியாகப் போன் போட்டேன். பாதிப் பேர் எடுக்கவில்லை. எடுத்தவர்கள், "பிள்ளை மட்டும் வந்தாப் போதும் சார்" என்றார்கள். அதை மரியாதைக்குச் சொல்வதாக எடுத்துக்கொண்டேன். (விருந்துக்குக் கூப்பிடுகிறவர்கள் 'ஒன்றும் வாங்கி வர வேண்டாம்' என்பார்களே, அது போல.)

முதல் விசிட் நாகர்கோவிலைத் தாண்டி ஒரு கல்லூரியில். நேரம் வாங்கியவன் வில்சன். அங்கே இசைத்துறை உண்டா என்று அவன் கேட்கவுமில்லை, இல்லை என்று அவர்கள் சொல்லவுமில்லை. விளையாட்டு ஆசிரியர் ஒருவர் எங்களைப் பணிவாக அழைத்துப்போய் ஒரு பீரோவைத் திறந்து காட்டினார். உள்ளே அணிவகுப்புக்கு அடிக்கிற இரண்டு டிரம்மும் காற்றுப் போன கால்பந்து ஒன்றும் இருந்தன. வில்சன் டிரம்மைத் தட்டிப் பார்த்து, "கொள்ளாம், நல்ல சத்தம்" என்றான். ஷெர்லின் காரில் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்ததுதான் அவள் ஆசைப்பட்ட இடம். கிழக்கே வெகுதூரம். பெயர் சொல்ல மாட்டேன், பாவம் அவர்கள். அங்கே இடம் கிடைத்தால் இசை, கிடைக்காவிட்டால் மறுபேச்சில்லாமல் நர்சிங் என்று எங்களுக்குள் உடன்படிக்கை ஆகியிருந்தது. கார் ஏறும்போதே ஷெர்லின் சொன்னாள்:

"அப்பா, அங்க வந்து நீங்க ஒண்ணும் பேசாண்டாம். மாமாவும்தான்."

"நான் எதுக்கு மக்ளே பேசுதேன்?"

பேசவில்லைதான். வழியில் ஒரு யோசனை மட்டும் சொன்னேன். சபைக் கோயிலில் எல்லோரும் ஒரே மெட்டில் பாடுகிற கீர்த்தனை ஒன்றை அவள் நன்றாகத் தயார் செய்து வைத்திருந்தாள். "கீர்த்தனைய எல்லாரும் பாடுவினும். நீ ஞானப்பாட்டு பாடு மக்ளே. நம்ம ஸ்டாண்டர்டு அவியளுக்குத் தெரியட்டு" என்றேன். வில்சன் ஆமோதித்தான். "பிள்ளைய கொழப்பாதீங்க" என்று ஸ்டெல்லா சொன்னதை யாரும் சட்டை செய்யவில்லை.

துறைத் தலைவி ஐம்பதைத் தாண்டிய அம்மையார். அறையில் பாய் விரித்திருந்தது. சுருதிப் பெட்டி மெல்ல இரைந்துகொண்டிருந்தது. ஒரு பெண்ணுக்குப் பின்னால் மூன்று பேர் நுழைவதைப் பார்த்துத் திகைத்தார். பிறகு என்னையும் ஸ்டெல்லாவையும் கதவோர பெஞ்சில் உட்காரச் சொன்னார். இடம் போதாமல் வில்சன் வராந்தாவில் நின்றான்.

"தெரிஞ்சதைப் பாடும்மா, பயப்படாதே" என்றார் அம்மையார்.

ஷெர்லின் கண்ணை மூடி ஞானப்பாட்டை எடுத்தாள்.

இந்த இடத்தில் விஷயம் தெரியாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஆல்டோவுக்கு மெட்டு கிடையாது. மெட்டு மேலே சோப்ரானோவோடு போய்விடும். ஆல்டோ நடுவில் நின்று முட்டுக் கொடுக்கும். ஒரே ஸ்வரத்தில் ஏழெட்டு எழுத்து, ஒரு சின்ன இறக்கம், திரும்பவும் அதே ஸ்வரம். நாலு குரலும் சேர்ந்தால் அமிர்தம். ஆல்டோவை மட்டும் தனியாகக் கேட்டால் ரேஷன் கடையில் பெயர் வாசிப்பது போலிருக்கும். அந்தப் பாட்டைச் சின்ன வயதிலிருந்தே ஆல்டோவாக மட்டும் பாடி வந்தவள் என் மகள். பக்கத்தில் யார் என்ன பாடினாலும் உன் வரியை விடாதே என்று அவளைப் பழக்கியதும் நான்தான்.

முதல் வரியில் அம்மையார் சுருதிப் பெட்டியைச் சற்றுக் குறைத்தார். இரண்டாம் வரியில் கூட்டினார். மூன்றாம் வரியில் பெட்டியைத் தட்டிப் பார்த்தார். பிறகு கையை உயர்த்தி நிறுத்தினார்.

"பதட்டத்துல மெட்டை விட்டுட்டே போலிருக்கேம்மா."

"மெட்டு எனக்க கிட்ட இல்ல மேடம்," என்றாள் ஷெர்லின். "அது அம்மைக்க கிட்டயாக்கும்."

அம்மையார் ஸ்டெல்லாவைப் பார்த்தார். ஸ்டெல்லா தன் செருப்பைப் பார்த்தாள்.

"சரிம்மா. இன்னொரு தடவை பாடு" என்றார் அம்மையார், ரொம்ப அன்பாக. எதுவும் வாங்கப் போவதில்லை என்று தெரிந்துவிட்ட ஆளிடம் நான் கடையில் பேசுகிற அதே குரல். சீட்டு போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஷெர்லின் மறுபடி ஆரம்பித்தாள். குரல் நடுங்கியது. என்னால் தாங்க முடியவில்லை. பேச மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தேன். பேசவில்லை, பேஸ் எடுத்தேன்.

நான் எடுத்தால் ஸ்டெல்லாவால் சும்மா இருக்க முடியாது. பெஞ்சிலிருந்து மெட்டு எழும்பியது. ஜன்னல் வழியாக டெனர் உள்ளே வந்தது. சுருதிப் பெட்டி இருந்த இடம் தெரியவில்லை. நான் பாடும்போது கண்ணை மூடிக்கொள்வேன். (என் பாட்டை நானே ரசிக்கிற கெட்ட பழக்கம்.) முதல் சரணத்தின் பாதியில் ஷெர்லின் நிறுத்தியதும், அதைப் பார்த்து ஸ்டெல்லா நிறுத்தியதும், வில்சன்கூட வெட்கப்பட்டு நிறுத்தியதும் எனக்குப் பிறகு மற்றவர்கள் சொல்லித் தெரிந்த விஷயங்கள். நான் பாட்டுக்கு இரண்டாம் சரணம், மூன்றாம் சரணம் என்று தனியாக உறுமிக்கொண்டே போய், அடிவயிற்றிலிருந்து ஓர் 'ஆமென்' இழுத்து முடித்தேன். கண்ணைத் திறந்தால் வாசல் நிறைய மாணவிகள். ஒருத்தி போனில் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தாள். என் மகள் தரையைப் பார்த்து நின்றாள். அவள் காது சிவந்திருந்தது.

"நான் ஒண்ணும் பேசல்லியே மக்ளே" என்றேன்.

அம்மையார் சிரிக்கவில்லை. "சார், இங்க மூணு வருஷமும் இவ தனியாத்தான் பாடணும். நீங்க மூணு பேரும் தினம் வந்துட்டுப் போக முடியுமா?"

(கடையை யாரிடம் ஒப்படைக்கலாம் என்று ஒரு கணம் நிஜமாகவே யோசித்தேன்.)

"கொஞ்சம் வெளியில இருங்க. வராந்தாவுல இல்ல, மெயின் கேட்டுக்கு வெளியில."

போனோம். எதிரில் டீக்கடை இருந்தும் யாரும் டீ சொல்லவில்லை. "அத்தான், அந்த ரெண்டாம் சரணத்துல நீங்க லேசா எறங்கிட்டியளோ" என்று வில்சன் தொடங்கினான். "லே, நீ மிண்டாத" என்று ஸ்டெல்லா அவன் வாயை அடைத்தாள். நான் கட்டடத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளேயிருந்து ஒரு சத்தமும் எட்டவில்லை. இத்தனை வருடம் அவளுக்குப் பின்னால் நின்று பாடியிருக்கிறேன். அவள் தனியாக ஒரு பாட்டை முழுதாகப் பாடினால் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது அப்போதுதான் உறைத்தது. ரொம்ப வெட்கமாக இருந்தது.

ஷெர்லின் வந்து காரில் ஏறினாள். நாகர்கோவிலில் கோட்டாற்று நெரிசலில் கார் நின்றபோதுதான் வாயைத் திறந்தாள். "கீர்த்தனை பாடினேன். சீட்டு உண்டு. நான் ஹாஸ்டல்ல நிப்பேன். அங்க ஒருத்தரும் வரப்பிடாது."

ஆனால் அவளே வரச் சொன்னாள். முதல் வருட முடிவில் கல்லூரி நிகழ்ச்சியில் தனியாகப் பாடினாள். அரங்க வாசலில் எங்களை நிறுத்தி, ஆளுக்கொரு கமர்கட்டைக் கையில் வைத்தாள். எனக்கு மட்டும் இரண்டு.

"பாட்டு தொடங்குதப்ப வாயில போடணும். முடியுதது வரை துப்பப்பிடாது."

கன்னம் இரண்டும் உப்ப உட்கார்ந்து, முதன்முதலாக என் மகள் தனியாக ஒரு பாட்டை முழுதாகப் பாடுவதைக் கேட்டேன். பக்கத்தில் வேறு குரல் எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். (வாயில் கமர்கட்டை வைத்துக்கொண்டு அழுவது சுலபமில்லை.)

அன்றிலிருந்து இது வீட்டு வழக்கமாகிவிட்டது. சபைக் கூட்டமோ கல்யாணப் பேச்சோ, நான் தொண்டையைச் செருமினால் போதும், ஸ்டெல்லா ஒரு கமர்கட்டை நீட்டிவிடுவாள். எங்கள் சொந்தக்காரர்களும் இப்போது கையில் வைத்திருக்கிறார்கள். போன மாதம் என் ரத்தப் பரிசோதனையைப் பார்த்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "சர்க்கரை இந்த அளவுக்கு ஏறியிருக்கே, அப்படி என்னதான் சாப்பிடுறீங்க?"

விவரமாகச் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். ஸ்டெல்லா கைப்பையைத் திறந்தாள்.