வந்துச்சா பாய்க்கு நான் போடாத பதில்

தஞ்சாவூர் ஜில்லா முழுக்கத் தேடினாலும் அவரைப் போல உயிரை வாங்குகிற மனிதர் கிடைக்கமாட்டார். எங்கள் சாஃப்ட்வேர் ஆபீசில் அவர் பெயர் 'வந்துச்சா பாய்'. எதைச் சொன்னாலும் "வந்துச்சா?" என்பார். கேட்டதை நாம் திருப்பிச் சொல்லும்வரை விடமாட்டார்.

"ரெண்டு டீ, ஒண்ணுல சர்க்கரை வேணாம். வந்துச்சா?"

"வந்துச்சு பாய்."

"என்ன வந்துச்சு?"

டீ மாஸ்டர் முழுசாக ஒப்பித்த பிறகுதான் பெஞ்சில் உட்காருவார். கல்யாணத்தன்று நிக்காஹ் ஓதிவைத்த ஹஜ்ரத்தையே திருப்பிச் சொல்ல வைத்தவர் என்று அவருடைய மச்சானே என்னிடம் புலம்பியிருக்கிறார்.

நீடாமங்கலம் பக்கம் ஓர் அரிசி மில்லுக்கு வேலை செய்துகொண்டிருந்தோம். எந்த விவசாயி என்றைக்கு நெல் கொண்டுவரலாம் என்ற தகவல் மெசேஜ் புரோக்கரின் வரிசையில் வந்து விழும்; தகவல்களை வாங்கி வைத்து ஒவ்வொன்றாகக் கைமாற்றிவிடும் சாஃப்ட்வேர் அது. கிளவுடில், அதாவது எங்கோ இருக்கும் வாடகைக் கம்ப்யூட்டரில், தூங்கிக்கொண்டிருக்கும் ஃபங்ஷன் என்ற குட்டி புரோகிராம் எழுந்து, அதை எடுத்து, எஸ்.எம்.எஸ். அனுப்பிவிட்டு மறுபடி தூங்கப் போகும். அனுப்பி முடித்ததும்தான் புரோக்கரிடம் "வந்துச்சு" என்று சொல்லும். சொல்லாவிட்டால் புரோக்கர் அதே தகவலைத் திரும்பக் கொடுக்கும். பாய் அப்படித்தான் இரண்டையும் இணைத்திருந்தார்.

மேனேஜருக்கு அது ஆகவில்லை. மில் முதலாளி பார்க்கும்போது திரையில் வரிசையில் நிற்கும் தகவல் பாக்கி பூஜ்யமாக இருக்க வேண்டுமாம்.

"எடுத்தவுடனே வந்துச்சுன்னு சொல்லிட வேண்டியதுதானே பாய்?"

"அனுப்பாமலே எப்படிங்க சொல்றது? பொய்யில்லையா அது?"

பாய் மாட்டேன் என்றார். பதவி உயர்வு நப்பாசையில், எடுத்தவுடனே "வந்துச்சு" சொல்லும்படி புரோகிராமில் அந்த ஒரு வரியை நான் மாற்றினேன்.

அறுவடை நேரத்தில் மழை பிடித்துக்கொண்டது. "இன்று நெல் கொண்டுவர வேண்டாம்" என்ற தகவல்கள் வரிசையில் விழுந்தபோது எஸ்.எம்.எஸ். போகும் வழி முடங்கியிருந்தது. ஒன்றைக்கூட அனுப்பாமல் எல்லாவற்றுக்கும் "வந்துச்சு" சொல்லிவிட்டு ஃபங்ஷன் தூங்கிவிட்டது. திரையில் அழகான பூஜ்யம். மில் வாசலில் டிராக்டர் டிராக்டராக வந்து இறங்கிய நெல், தார்ப்பாய் போதாமல் நனைந்து முளைவிட்டது. ஓர் அம்மா அதை மடியில் கட்டிக்கொண்டு ஆபீசுக்கே வந்து என் மேஜையில் கொட்டினார்.

"எனக்கு ஏங்க சொல்லல?"

மேனேஜர் பாயைக் கைகாட்டினார். பாய் என்னைப் பார்த்தார். நான் நெல்லைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கே அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். பதவி உயர்வு வந்தது. வெட்கங்கெட்டவன், அதையும் வாங்கிக்கொண்டேன்.

இப்போது அவர் துபாயில் இருக்கிறார். வெள்ளிக்கிழமை தவறாமல், தொழுகை முடிந்ததும், என் போனுக்கு அதே செய்தியை அனுப்புகிறார்.

"தம்பி, உன் மேல கோவம் இல்ல. வந்துச்சா?"

பதில் வராததைத் திரும்ப அனுப்புவது அவர் சுபாவம். "வந்துச்சு பாய்" என்று ஒவ்வொரு முறையும் தட்டிவிட்டு அழித்துவிடுகிறேன். பதில் போட்டுவிட்டால் அடுத்த வெள்ளிக்கிழமை அவரிடமிருந்து எதுவும் வராதே.