கரடி வீட்டு வரனும் கீரியின் சாஃப்ட்பாக்ஸும்

ஒரு காட்டில், குடியிருந்த வளையிலேயே போட்டோ ஸ்டூடியோ திறந்தது ஒரு கீரி. பெயர் சிங்காரவேலு. கையில் ஒரு கேமரா, ஒரே ஒரு ஃபிளாஷ் விளக்கு. வெள்ளோட்டமாக மனைவியை நிற்க வைத்துப் படம் எடுத்தது. படத்தில் முகம் பளீரென்று வெளுத்து, பின்சுவரில் கன்னங்கரேலென்று நிழல் விழுந்திருந்தது.

"காட்டிலாகாக்காரங்க மரத்துல கட்டி வெச்ச கேமராவுல மாட்டினவ மாதிரி இருக்கேன்" என்றாள் மனைவி.

விளக்குக்கு முன்னால் எதையாவது மாட்டி வெளிச்சத்தை மென்மையாக்க வேண்டும் என்று கீரிக்குப் புரிந்தது. எதை மாட்டுவது என்பதுதான் புரியவில்லை. இப்படிப் புரியாதவர்களை நம்பியே அந்தக் காட்டில் ஒரு பச்சோந்தி வீடியோ போட்டுப் பிழைத்துக்கொண்டிருந்தது.

"புதுசா ஆரம்பிக்கிற நண்பர்களே, ஒரு வெள்ளைக் குடை போதும்" என்றது பச்சோந்தி திங்கட்கிழமை. கீரி குடை வாங்கியது. வெளிச்சம் வளை முழுக்கச் சிதறி, படத்தில் மனைவியைவிட அவள் பின்னால் இருந்த பாத்திரங்கள் எடுப்பாகத் தெரிந்தன.

"குடையா? சாஃப்ட்பாக்ஸ் இல்லாம கேமராவையே தொடாதீங்க" என்றது புதன்கிழமை. முன்பக்கம் வெள்ளைத் துணி கட்டிய கறுப்புப் பெட்டி ஒன்று வளைக்குள் வந்து இறங்கியது.

வெள்ளிக்கிழமை அதுவும் பழசாகிவிட்டது. எட்டு மூலை சாஃப்ட்பாக்ஸும், வெளிச்சம் சிதறாமலிருக்கத் தேன்கூடு போலக் கண்ணி வைத்த வலையும் இல்லாதவன் போட்டோகிராபரே இல்லையாம். கீரி அதையும் வாங்கியது. இதையெல்லாம் சொன்ன பச்சோந்தி, தன் வீடியோக்களை வெறும் வெயிலில் உட்கார்ந்துதான் எடுத்தது. அதை ஒருத்தரும் கவனிக்கவில்லை. கீரிக் குட்டிகள் படுக்க இடமில்லாமல் சாஃப்ட்பாக்ஸுக்குள் படுத்துக்கொண்டன.

அப்போதுதான் கரடியம்மா தன் மகள் வடிவாம்பாளைக் கூட்டிக்கொண்டு வந்தாள்.

"தம்பி, மாப்பிள்ளை வீட்டுக்கு போட்டோ அனுப்பணும். ரெண்டு வரன் போட்டோவைப் பாத்தே தட்டிப் போச்சு. பொண்ணு கொஞ்சம் அதிகமா கரடியா இருக்காளாம். இதுவும் போச்சுன்னா இவளுக்குக் கல்யாணமே கிடையாது."

"கவலையே படாதீங்கக்கா. என்கிட்ட எல்லா சாமானும் இருக்கு" என்றது கீரி.

எல்லாச் சாமானும் இருந்ததால் வடிவுக்கு இடம் இல்லை. தலையும் ஒரு தோளும் உள்ளே போயின, மற்றது வெளியே நின்றது. உள்ளே போன தலை, தேன்கூட்டு வலையைக் கண்டதும் நக்கத் தொடங்கியது. மகளை வெளியே இழுத்துப் போட்டாள் அம்மா.

வடிவு வெட்கத்தோடு வாசலில் உட்கார்ந்தாள். காலை நேரம், மேலே ஆலமர நிழல், எதிரே ஒரு வெள்ளைப் பாறை. கேமரா வேலை செய்கிறதா என்று பார்க்க, கீரி சும்மா ஒரு தட்டுத் தட்டியது.

அந்தப் படத்தில் வடிவு அப்படியே இருந்தாள். நெஞ்சிலே வெள்ளைப் பிறை, கண்ணிலே கொஞ்சம் சிரிப்பு. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள்.

"நான் நல்லாத்தானேம்மா இருக்கேன்?" என்று கேட்டாள். அவள் அப்படிக் கேட்டது பிறந்ததிலிருந்து அதுதான் முதல் தடவை.

கதையை இங்கே முடித்து, இயற்கை வெளிச்சமே சிறந்த வெளிச்சம் என்று நீதி எழுதி நல்ல பேர் வாங்கியிருப்பேன். மாப்பிள்ளையின் அத்தை விடவில்லை. அனுப்பிய மறுநாளே படம் திரும்பி வந்தது.

"பொண்ணு தெரியுது, சரி. ஸ்டூடியோ எங்கே? வாசல்ல குந்தவெச்சு எடுத்து அனுப்பியிருக்கீங்க!"

கரடியம்மா தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். கீரிக்கும் ரோஷம் வந்தது. வளையில் இருந்த அத்தனையையும் வெளியே சுமந்து வந்து, குடைக்குப் பக்கத்தில் பெட்டி, பெட்டிக்குப் பக்கத்தில் எட்டு மூலை என்று பரப்பி, எல்லாவற்றுக்கும் பின்னால் வடிவை நிறுத்திப் படம் எடுத்தது. வெள்ளைத் துணி பளபளத்தது. ஓரத்தில் வடிவின் ஒரு காது தெரிந்தது.

அத்தை படத்தில் இருந்த சாஃப்ட்பாக்ஸின் வெள்ளைத் துணியை விரலால் தடவிப் பார்த்தாள். "அடேயப்பா, பொண்ணு என்ன வெளுப்பு! அடக்கமும் இருக்கு. பேசி முடிச்சிடலாம்."

கல்யாணத்துக்கு ஃபிளெக்ஸ் வைத்தார்கள். இடது பக்கம் சாஃப்ட்பாக்ஸும் ஒரு காதும். வலது பக்கம் மாப்பிள்ளை வீட்டார் அனுப்பிய படம்: ஒரு பெரிய பைக், ஒரு கூலிங் கிளாஸ்.

"அம்மா, அவர் எங்கேம்மா இருக்கார்?" என்றாள் வடிவு.

"பைக்குக்குப் பின்னால இருப்பாருடி. தாலி கட்டுறப்போ பாத்துக்கலாம்."

வாசலில் எடுத்த அந்தப் படத்தை வடிவு கேட்டாள். வீட்டில் வைத்தால் மாப்பிள்ளை பார்த்துவிடுவார் என்று அம்மா தடுத்துவிட்டாள். கீரிக்கு அதை விட மனமில்லை. பெரிதாக்கி, அட்டையில் ஒட்டி, ஸ்டூடியோ வாசலில் மாட்டியது. படம் எடுக்க வந்த காட்டுப்பன்றி அதைப் பார்த்து, "ஐயோ, நீங்க உள்ளது உள்ளபடி எடுக்கிறவரா?" என்று வந்த வழியே ஓடியது.

அன்றே கீரி அதைக் கழற்றித் திருப்பிப் போட்டது. பின்பக்கம் வெள்ளித்தாள் ஒட்டியது. இப்போது வருகிறவர்கள் முகத்தில் வெளிச்சம் திருப்பி அடிக்க அதைத்தான் பிடிக்கிறது. எல்லாரும் வெள்ளை வெளேரென்று விழுகிறார்கள். ஸ்டூடியோவில் கூட்டம் நெரிகிறது.

நீதி: தவறிப்போய் ஒரு நல்ல படம் எடுத்துவிட்டால் மனம் தளர வேண்டாம், அதன் பின்பக்கம் கட்டாயம் பயன்படும்.