ரெண்டு சொம்பு கூழும் ஒரு மௌன ஜெபமும்

என் கல்யாணம் நின்றுபோக இருந்தது. காரணம் சம்பளம் இல்லை, நிறம் இல்லை, எங்கேயோ இருந்த பழைய காதலியும் இல்லை (அப்படி ஒருத்தி இருந்திருந்தால் கொஞ்சம் கௌரவமாகவாவது இருந்திருக்கும்). காரணம், கேழ்வரகுக் கூழ். இதை எழுத எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் நான் சொல்லாவிட்டால் எங்கள் வீட்டில் வேறு யாராவது சொல்லிவிடுவார்கள், அதுவும் கைகால் வைத்து. அதனால் நானே முந்திக்கொள்கிறேன்.

அது 2008. எனக்கு இருபத்தொன்பது வயது. கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். மஞ்சக்குப்பத்தில் அம்மாவும் நானும் மட்டும். அம்மா என்னைப் படிக்கவைத்ததற்கு ஒரே ஒரு காரணம்தான் சொல்வார். "உங்கப்பா காலம்பூரா பழசு தின்னுட்டு வேலைக்குப் போனாரு. நீ சூடா தின்னுட்டுப் போவணும்." அப்படியே நடந்தது. எங்கள் வீட்டில் மிஞ்சிய சோறு ஃப்ரிட்ஜுக்குப் போகும், அதில் யாரும் தண்ணீர் ஊற்றியதில்லை. இட்லி, தோசையைத் தவிர புளித்த எதையும் என் வயிறு பார்த்ததே கிடையாது.

நான் ஒரு கனவுப் பேர்வழி. ஃபைலைத் திறந்து வைத்துக்கொண்டு ஜன்னலையே பார்ப்பேன். வேப்பமரத்தில் வெயில் இலை இலையாக இறங்கிக்கொண்டிருக்கும், நானும் அதோடு இறங்கிப் போய்விடுவேன். மேலதிகாரி மூன்றாவது தடவை கூப்பிடும்போதுதான் எனக்குப் பெயர் இருப்பதே ஞாபகம் வரும்.

இப்படிப்பட்டவனுக்கு சிதம்பரத்தில் பெண் பார்த்தார்கள். பெயர் பியூலா. பல்கலைக்கழகத்தில் நுண்ணுயிரியல் ஆராய்ச்சி மாணவி. அவளுடைய அப்பா ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பது வருஷம் பையன்களை வாயை ஊதச் சொல்லியே பீடி பிடித்தவனைக் கண்டுபிடித்தவர். ஓய்வுக்குப் பிறகு மதுவிலக்குப் பிரசாரம். குடித்த வாடை அடித்ததென்று ஏற்கெனவே இரண்டு மாப்பிள்ளைகளை வாசலோடு அனுப்பியிருந்தார். பெண் பார்த்து முடிந்ததும், "நாங்க ஜெபிச்சு சொல்றோம்" என்றார். எங்கள் ஜனங்களுக்கு இதன் அர்த்தம் தெரியும். பிடித்திருந்தால் ரெண்டு வாரத்தில் ஜெபம் முடிந்துவிடும். பிடிக்காவிட்டால் முடியவே முடியாது.

மூன்றாம் நாள் சாயங்காலம், தேவனாம்பட்டினம் கடற்கரையில் உட்கார்ந்திருந்தபோது என் செல்போன் அடித்தது. தெரியாத நம்பர்.

"நான் பியூலா பேசறேன்."

நான் எழுந்து நின்றுவிட்டேன் (கடற்கரையில் யாருக்கு மரியாதை செய்தேனோ).

"நாம பேசறது அப்பாவுக்குத் தெரியக் கூடாதுங்க. முடிவாவறதுக்கு முன்னாடி போன்ல பேசினா அவுருக்குப் புடிக்காது. யார்கிட்டயும் சொல்ல மாட்டீங்களே?"

"சத்தியமா சொல்ல மாட்டேங்க."

அதற்குப் பிறகு தினமும் அந்தி நேரத்தில் அவள் குரல் வந்தது. கடல் ஈயம் பூசின மாதிரி மங்கலாகும். தூரத்தில் படகு விளக்குகள் ஒன்றொன்றாக எரியும். நான் செருப்பைக் கழற்றிவிட்டு ஈர மணலில் நடப்பேன். அவள் என்ன பேசினாலும் எனக்குப் பாட்டாகத்தான் கேட்டது. ஒரு நாள், என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று கேட்டேன்.

"பழைய சோறு" என்றாள்.

கிண்டல் என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. நீராகாரம், கூழ், மோர் எல்லாவற்றிலும் உயிர் இருக்கிறது, கோடிக்கணக்கில் இருக்கிறது, நம் வயிற்றுக்குள் ஒரு ஊரே இருக்கிறது என்று விளக்கினாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நானும் நாளையிலிருந்து சாப்பிடுகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

"முன்னாடி சாப்ட்டிருக்கீங்களா?"

"ஒரு வாய் கூட இல்லீங்க."

"அப்ப ஒரு டம்ளர்லேருந்து ஆரம்பிங்க. ஒரு வாரத்துக்கு அவ்ளோதான். வயிறு பழகணும். ஒரேயடியா எறங்கினா உப்பசம் வரும், தலைவலி வரும், சில பேருக்கு ஒடம்புல தடிப்பு கூட வரும்."

அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் என் காதில் தெளிவாகத்தான் விழுந்தது. ஆனால் ஒரு டம்ளர் என்பது ஒரு பெண்ணின் மேல் வைத்த பிரியத்துக்கு ரொம்பக் கம்மி என்று எனக்குப் பட்டது. அவளுடைய முழு ஆராய்ச்சியையும் குடித்துக் காட்ட முடிவு செய்தேன்.

விடிந்ததும் ஒரு சொம்பு நீராகாரம், பத்து மணிக்கு அலுவலக வாசலில் வண்டிக்காரரிடம் ஒரு சொம்பு கூழ், மத்தியானம் மூன்று நாள் புளித்த மோர், ராத்திரி பொங்கிப் புளித்த மாவில் தோசை. அம்மா சோற்றில் நான் தண்ணீர் ஊற்றுவதைப் பார்த்து நெஞ்சில் கை வைத்தார்.

"ஃப்ரிட்ஜு எதுக்குடா வாங்கினே?"

"ஒடம்புக்கு நல்லதும்மா."

"யாரு சொன்னது?"

சத்தியம் குறுக்கே நின்றது. பேப்பரில் படித்தேன் என்றேன்.

இரண்டாம் நாள் பேண்ட் பொத்தான் ஒத்துழைக்கவில்லை. மூன்றாம் நாள் ஏப்பம் ஆரம்பித்தது. நான் பேசி முடிப்பதற்கு முன் அது பேசிவிடும். அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் தன் நாற்காலியை நாளுக்கு ஒரு அடி நகர்த்தி, கடைசியில் வேறு பிரிவிலேயே போய் உட்கார்ந்துவிட்டார். நாலாம் நாள் தலைவலி. ஐந்தாம் நாள் கன்னத்திலும் கழுத்திலும் சிவப்புச் சிவப்பாகத் தடிப்பு. இதற்கு நடுவில் ஒரு மயக்கம், சுகமான மயக்கம். நின்றால் தூக்கம், நடந்தால் தூக்கம். உலகம் முழுவதும் தண்ணீருக்கு அடியில் மெதுவாக ஆடிக்கொண்டிருந்தது.

"வயிறு எப்டி இருக்கு?" என்று பியூலா கேட்பாள்.

"அருமையா இருக்குங்க" என்று சொல்லிவிட்டு, போனைக் கடல் பக்கம் திருப்பிப் பிடித்துக்கொண்டு ஏப்பம் விடுவேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சிதம்பரத்துக்கு வரச் சொல்லி ஆள் அனுப்பியிருந்தார்கள். கூட உட்கார்ந்து ஜெபித்துவிட்டு அவள் அப்பா முடிவைச் சொல்வார். அன்றைக்கு வயிற்றுக்கு ஓய்வு கொடுப்பவன்தான் புத்திசாலி. நான் முக்கியமான நாளாயிற்றே என்று கூழை ஒரு சொம்பிலிருந்து இரண்டு சொம்பாக்கினேன் (சின்ன வெங்காயம் தனி).

பஸ்ஸில் ஜன்னலோரம். ஆலப்பாக்கம் தாண்டியதும் உப்புக்காற்று முகத்தில் அடித்தது. சவுக்குத் தோப்புகள் ஓடின, புவனகிரிப் பாலத்துக்குக் கீழே வெள்ளாறு வெள்ளியாகப் படுத்திருந்தது. கரையில் பியூலா ஒரு டம்ளரோடு நிற்பதாக எனக்குத் தோன்றியது. நான் கையை நீட்டினேன். முன் சீட்டுப் பெரியவர் திரும்பிப் பார்த்து, தன் தோளிலிருந்து என் கையை எடுத்துவிட்டார். அம்மா என் வாய்ப் பக்கம் வந்து முகர்ந்து பார்த்து, பர்ஸிலிருந்து நாலு ஏலக்காய் எடுத்துக் கொடுத்தார்.

"மென்னுத் தொலை. அங்க போயி வாயத் தொறக்காத."

அவர்கள் வீட்டு ஹாலில் பியூலாவின் அப்பா வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டையில் காத்திருந்தார். நான் வணக்கம் சொல்லி வாசல்படியில் தடுக்கினேன். அவர் என் முகத்தைப் பார்த்தார். சிவந்த கன்னம், பாதி மூடிய கண், லேசான ஆட்டம். என் பக்கத்தில் வந்து ஒரு தடவை மூச்சை இழுத்தார். புளித்த வாடை, அதற்கு மேல் ஏலக்காய் வாடை. முப்பது வருஷ அனுபவம் அவர் மூக்கில் விழித்துக்கொண்டதை நான் அப்போது கவனிக்கவில்லை. சுவரிலிருந்த காலண்டர் என்னமோ அழகாக அசைந்துகொண்டிருந்தது.

"மொதல்ல ஜெபிப்போம்" என்றார்.

எல்லோரும் கண்ணை மூடினோம். அவர் குரல் ஆழமானது, நிதானமானது. இரண்டு குடும்பத்துக்காகவும் ஜெபித்தார், ஊருக்காக, மழைக்காக, மதுவுக்கு அடிமையான வாலிபர்களுக்காக (இங்கே குரல் கொஞ்சம் உயர்ந்தது). பிறகு, "கொஞ்ச நேரம் மௌனமா ஜெபிப்போம்" என்றார்.

மின்விசிறி மட்டும் சுற்றியது. அந்த அமைதியில் நான் அப்படியே மிதந்து போனேன். வெள்ளாற்றில் ஒரு படகு. எதிரே பியூலா. பரங்கிப்பேட்டை முகத்துவாரம் பொன்னாகத் தெரிகிறது. படகின் மோட்டார் மெதுவாக உறுமுகிறது, கொர்ர்... கொர்ர்ர்... பிறகு சத்தமாக, நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு ஒரே முழக்கம். என்ன மோட்டார் இது என்று யோசித்துக்கொண்டே கண்ணைத் திறந்தேன்.

ஹால் முழுவதும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தது. அம்மா மட்டும் கண்ணைத் திறக்கவில்லை, இறுக்கி மூடியிருந்தார். வந்தது மோட்டார் சத்தம் இல்லை, என் ஏப்பம்.

பியூலாவின் அப்பா ஜெபத்தை நிறுத்திவிட்டார். ஆமென் கூடச் சொல்லவில்லை.

"தம்பி, கடலூர்லேருந்து நேரா வந்தீங்களா, இல்ல பாண்டி வழியா வந்தீங்களா?"

கடலூரிலிருந்து சிதம்பரம் தெற்கே, பாண்டிச்சேரி வடக்கே. அந்த வழியாக சிதம்பரம் வர ஒருவனுக்கு ஒரே காரணம்தான் இருக்க முடியும், அது பாட்டிலில் கிடைப்பது. எங்கள் மாவட்டத்தில் இதைச் சின்னப் பிள்ளைகளுக்குக்கூட விளக்க வேண்டியதில்லை. என் தூக்கம் சுத்தமாகப் போய்விட்டது.

"நேராத்தான் சார் வந்தேன்."

"எங்க, ஊதுங்க."

ஊதினேன். ஊதும்போது இன்னொன்று வந்தது. அவர் இரண்டடி பின்னால் போனார்.

"ஐயோ, எம் புள்ள அந்தப் பக்கமே போவ மாட்டான் சார்!" அம்மா பதறினார். "ஒரு வாரமா பழசும் கூழும் குடிக்கிறான். சொம்பு சொம்பா!"

"ஃப்ரிட்ஜு வச்சிருக்கிற வீட்ல, கவர்மென்ட் உத்தியோகத்துல இருக்கிற பையன், திடீர்னு ஏங்க கூழு குடிக்கணும்? ஏன் தம்பி?"

பதில் என் நாக்கு நுனியில் இருந்தது. உங்கள் பெண் சொன்னாள் என்றால் போதும். ஆனால் அதைச் சொன்னால் அவள் மாட்டிக்கொள்வாள். என் வாழ்க்கையில் நான் ஆண்பிள்ளையாக நடந்துகொண்ட ஒரே நேரம் அதுதான். ஒரு கையால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். அவள் எனக்குக் கிடைக்கமாட்டாள் என்று அப்போது நிச்சயமாகத் தெரிந்தது. அழுகை வந்தது. தடிப்பு வேறு அரித்தது.

அவர் எழுந்தார். "சரிம்மா. நாங்க ஜெபிச்சு சொல்றோம்."

அம்மா பர்ஸை எடுத்துக்கொண்டார். நான் செருப்பில் தப்பான காலை நுழைத்தேன்.

"அப்பா, அவுரு குடிக்கல." சமையலறை வாசலில் பியூலா நின்றிருந்தாள். முகம் வெளுத்திருந்தது. "கூழு குடிக்கச் சொன்னது நான்தான்."

"நீயா? எப்போ சொன்னே?"

"போன்ல. பத்து நாளா தினமும் பேசறோம்ப்பா. யார்கிட்டயும் சொல்லாதீங்கன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். அந்த முகத்தப் பாருங்க, அது போதை இல்லப்பா, தடிப்பு. பழக்கமில்லாத வயிறு, ஒரேயடியா குடிச்சிருக்காரு."

அவர் பெண்ணைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், என் கழுத்துத் தடிப்பைக் கிட்டே வந்து பார்த்தார்.

"எவ்ளோ குடிக்கச் சொன்னே?"

"ஒரு டம்ளர்."

"தம்பி, காலைல எவ்ளோ குடிச்சீங்க?"

"ரெண்டு சொம்பு சார்."

"எம் பொண்ணு ஒரு டம்ளர் சொன்னா, நீங்க ரெண்டு சொம்பு குடிப்பீங்களா?"

"அவுங்க சொன்னாங்களேன்னுதான் சார்..."

உள்ளேயிருந்து பியூலாவின் அம்மா குரல் வந்தது. அன்றைக்கு அவர் பேசிய முதல் வாக்கியம் அது. "சக்கர ஜாஸ்தியாயிடுச்சு, பாவக்கா தின்னுங்கன்னு இருபது வருஷமா கெஞ்சறேன். இந்த மனுஷன் ஒரு துண்டு தொட்டதில்ல."

தலைமையாசிரியரின் மீசை ஒரு பக்கம் துடித்தது. சிரிப்பை அடக்குகிறார் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"போன் விஷயம் நாம அப்புறம் பேசலாம்" என்று பெண்ணிடம் சொன்னார். "இப்ப மாப்பிள்ளைக்கு ஓமத்தண்ணி கொண்டா."

மாப்பிள்ளை! அம்மா பர்ஸைக் கீழே போட்டுவிட்டு அழுதார். நான் ஓமத்தண்ணீரை மடக்கென்று குடித்தேன் (ஒரு டம்ளர்தான்).

கல்யாணச் சீரில் வந்த எவர்சில்வர் பாத்திரங்களுக்கு நடுவில் ஒரு சின்ன டம்ளர் இருந்தது. மற்றவற்றில் எங்கள் இருவர் பெயரையும் வெட்டியிருந்தார்கள். அதில் மட்டும் 'ஒன்று போதும்' என்று வெட்டியிருந்தது. மாமாவே, அதாவது பியூலாவின் அப்பாவே, கடையில் நின்று வெட்டவைத்தாராம். இன்றைக்கும் நீராகாரம் எனக்கு அதில்தான். பியூலா சொன்ன மாதிரியே வயிறு பழகிவிட்டது, அதற்கு மூன்று மாதம் பிடித்தது. ஆனால் எப்போதாவது ஒரு ஏப்பம் தப்பி வந்தால் போதும், அம்மாவிலிருந்து மச்சினன் வரை ஒரே குரலில் கேட்பார்கள்: "பாண்டி வழியா வந்தீங்களா?"

நாலு வருஷம் இதைக் கேட்டேன். 2012-இல் எங்கள் மகளின் முதல் பிறந்தநாள். அதே சிதம்பரம் வீடு, அதே ஹால், அதே ஆள் ஜெபிக்கிறார். மாமாவுக்கு அப்போது வாய்வுத் தொல்லை. பியூலா அவருக்கும் நீராகாரம் சொல்லியிருந்தாள், ஒரு டம்ளர். மாமா குழந்தைக்காக, குடும்பத்துக்காக, மழைக்காக ஜெபித்துவிட்டு மௌன ஜெபத்துக்கு வந்தார். எல்லோரும் கண்ணை மூடியிருந்தோம். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

அந்த அமைதியில் ஒரு ஏப்பம் எழுந்தது. நீளமாக, ஏற்ற இறக்கத்தோடு. பழக்க தோஷத்தில் நான் என் வயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். என்னுடையது இல்லை.

மாமா கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"நேராத்தான் வந்தேன். ஆமென்."