கன்னடம் மட்டும் தெரிந்த குதிரை

பயம் வந்தால் எனக்குத் தமிழ் மட்டும்தான் வரும். பிறந்து வளர்ந்தது கன்னட ஊரான விவேக் நகர். ஆட்டோக்காரரிடம் கன்னடத்திலேயே சண்டை போட்டு ஜெயிப்பேன். ஆனால் ஆபத்து என்றால் அத்தனையும் காற்றில் பறந்துவிடும். இதை எனக்குப் புரியவைத்தது ராஜா. ராஜா ஒரு குதிரை.

பேங்க் வேலையை விட்டுவிட்டு, மனம் நொந்தவர்களைக் குதிரைகளோடு பழகவைத்துத் தேற்றும் பயிற்சியில் சேர்ந்திருந்தேன். ("ஏசி ரூமை விட்டுட்டு குதிரை லத்தி வாரப் போறியாடி?" என்றார் அம்மா.) கடைசித் தேர்வு அன்று வேலிக்கு வெளியே ஃபைலோடு பயிற்சியாளர் மேடம். உள்ளே நான், ராஜா, சேகர்.

சேகர் பொம்மசந்திரா தொழிற்பேட்டையில் மெஷின் ஆபரேட்டர். பிரஸ் மெஷினில் இரண்டு விரல் போனதிலிருந்து அந்தக் கையைச் சட்டைப்பைக்குள்ளேயே வைத்திருந்தார். இரண்டு முறை சிகிச்சைக்கு வந்தும் ஒரு வார்த்தை பேசவில்லை. இன்றும் ஒன்றும் நடக்கவில்லை என்றால் இனி வரமாட்டார் என்று அவர் மனைவி சொல்லியிருந்தார். எனக்கும் சான்றிதழ் கிடையாது.

"குதிரை நம்ம மனசைப் படிக்கும் பா" என்று ஆரம்பித்தேன். ராஜா என்னை நோக்கி ஓரடி வைத்தது. பெருமையாக இருந்தது.

"பயப்படாதீங்க பா." இன்னும் ஓரடி. பெருமை கொஞ்சம் குறைந்தது.

"நில்லு பா!" நின்றது. உடனே வந்தது. "நில்லு பா! நில்லு பா!" நின்று நின்று வந்தது. நான் பின்னால் நகர, அது முன்னால் நகர, எங்கள் ஊர்வலம் தண்ணீர்த் தொட்டியில் முடிந்தது. (விழுந்தது நான் மட்டும்.)

தொட்டிக்குள் உட்கார்ந்தபடி "போ பா!" என்று கத்தினேன். மூக்கை என் முகத்தருகே நீட்டியது.

"அக்கா, 'பா' சொல்லாதீங்கக்கா! இதை வளத்தவங்க கன்னடக்காரங்க. 'நில்லு' ரெண்டு பாஷையிலயும் ஒண்ணுதான், ஆனா 'பா'ன்னா அதுக்கு வான்னு அர்த்தம்."

சேகர்! சட்டைப்பையிலிருந்து கையை எடுத்து நீட்டி அதட்டினார்: "ஏய் ராஜா, ஹிந்தே ஹோகு!"

அத்தனை பெரிய உருவம் அடக்க ஒடுக்கமாகப் பின்னால் போனது. சேகர் குதிரையைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"நான் சொன்னா கேக்குதுக்கா" என்றார்.

தொட்டிக்குள்ளேயே அழுதுவிட்டேன். (நனைந்திருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.) மேடம் ஃபைலில் எழுதினார்: "வந்தவர் பேசினார். குதிரை ஒத்துழைத்தது. சிகிச்சையாளர் நனைந்தார். தேர்ச்சி."

சேகர் வேலைக்குத் திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் ராஜாவைப் பார்க்க வருகிறார். அந்த ஓரெழுத்துக்கு நான் பட்டிருக்கும் நன்றிக்கடன் கொஞ்சநஞ்சமல்ல. அதை நான் விடவும் இல்லை. இன்றும் வீட்டில் வாய்தவறி 'பா' என்றால் போதும், அம்மா தண்ணீர்க் குடத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, "அடங்குடி, அது வந்துடப் போவுது" என்பார். லத்தியைப் பற்றி அதற்குப் பிறகு ஒருநாளும் பேசியதில்லை.