மதினி கையால ஒரு மனை

செல்லப்பாண்டிக்கு ஒரு வாரமாக உட்கார்ந்தால் இருப்புக் கொள்ளவில்லை, நின்றால் கால் தரிக்கவில்லை. தேனி பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கிற மனுசன், ஆணி கேட்டு வந்தவருக்குத் தாழ்ப்பாளை நிறுத்துப் போட்டார். பாவம், சும்மா கிடந்த சங்கை ஊதிக் கெடுத்த ஆண்டி மாதிரி, எழுபத்திரண்டாம் வருசம் வீட்டு வசதிச் சங்கத்துக்குச் செயலாளர் ஆகித் தொலைத்திருந்தார்.

சங்கத்துக்காகத் தேவதானப்பட்டிப் பக்கம் பலவேசம் என்பவரின் நிலத்தைப் பேசி முடித்து, மனை மனையாகக் கல்லும் ஊன்றியாயிற்று. ஏசுதாசன் என்ற உறுப்பினர் ஓர் அவசரக்குடுக்கை. வீட்டு அஸ்திவாரத்துக்கு வானக்குழியே தோண்டிவிட்டார். அப்புறம்தான் வக்கீல் மூலப்பத்திரத்தைப் புரட்டிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"இது பலவேசத்தோட அப்பா சம்பாதிச்ச நிலம். உயில் எழுதாமப் போய்ச் சேந்துட்டாரு. மகளுக்கும் பங்கு இருக்கு. கெங்குவார்பட்டியில இருக்கிற தங்கச்சி சங்கிலியம்மாள் கையெழுத்துப் போடலைன்னா கிரயம் நிக்காது. தன்கிட்ட இல்லாததை எவனும் எழுதிக் குடுக்க முடியாதுய்யா."

அந்தத் தங்கச்சிக்கோ அண்ணனோடு பேச்சுவார்த்தையே கிடையாது. செல்லப்பாண்டி தலையில் கை வைத்தபடி வீட்டுக்கு வந்தார்.

"ஏங்க, மொகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?" என்றாள் மனைவி கஸ்தூரியம்மாள்.

"பத்திர விவகாரம். ஒனக்குப் புரியாது."

"நம்ம மனை எங்கன இருக்குன்னாவது புரியுமா?"

"செயலாளரு மனை எடுக்கக் கூடாதுடி. சட்டம்."

"யாரு போட்ட சட்டம்?"

"சர்க்காரு!"

இப்படி ஒரு சட்டம் இருப்பது சர்க்காருக்கே தெரியாது. கிழக்குப் பார்த்த மூலை மனையைத் தன் பேருக்கு ஒதுக்கி வைத்து, போடியில் இருக்கிற தங்கை அன்னத்தாயிக்குத் தருவதாக வாக்கும் கொடுத்திருந்தார். கட்டிக்கிட்டு வந்த நாளிலிருந்து வாடகை வீட்டில், ஒழுகுகிற ஓட்டுக்கடியில் சட்டி வைத்தே சலித்துப்போனவள் கஸ்தூரி. அவளுக்கு இது தெரிந்தால்?

மறுநாள், "பெரியகுளத்துல ஆபீஸ் வேலை" என்று ஒரு புளுகுப் புளுகிவிட்டு, அல்வாப் பொட்டலத்தோடு கெங்குவார்பட்டிக்கு பஸ் ஏறினார்.

சங்கிலியம்மாள் வாசலில் புளி தட்டிக்கொண்டிருந்தாள். அல்வாவை ஏறிட்டும் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு கையெழுத்து, தாயி. நாங்க பிள்ளைகுட்டிக்காரக."

"எம் மக சடங்குக்கு எங்கண்ணன் சீரைக் கணக்கப்பிள்ளைகிட்ட குடுத்து விட்டாரு. அண்ணன் அனுப்புனா அது வெறும் சாமான். அண்ணன் பொண்டாட்டி, எம் மதினி, தட்டெடுத்து வந்தாத்தான்யா சீரு."

செல்லப்பாண்டிக்குச் சட்டென்று ஆவேசம் வந்துவிட்டது. பேச்சுத்தானே, காசா பணமா?

"தப்புத்தான் தாயி! கூடப்பொறந்தவளை மதிக்காதவன் மனுசனா? என்னையப் பாருங்க. பொண்டாட்டிக்குக்கூடத் தெரியாம, மூலை மனையை எந்தங்கச்சிக்குன்னு எடுத்து வச்சிருக்கேன்!"

வீட்டுக்குள்ளிருந்து கஸ்தூரியம்மாள் வந்தாள். அவளுக்குப் பின்னால் சேலையும் பழமுமாகத் தாம்பாளத்தோடு பலவேசத்தின் பெண்டாட்டி ஜக்கம்மா.

"ஆத்தாடி!" என்றார் செல்லப்பாண்டி.

"நீங்கதான் எனக்குப் புரியாதுன்னீக. ஏசுதாசன் வீட்டம்மா வக்கீலு சொன்ன எல்லாத்தையும் சொல்லிட்டாக. மொத பஸ்ஸுலயே இவுகளக் கூட்டியாந்துட்டேன். மதினியும் நாத்தனாவும் ராசியாயிட்டாக."

"கையெழுத்துப் போடுறேன்," என்றாள் சங்கிலியம்மாள். "ஆனா நான் பட்ட அவமானம் ஒங்க தங்கச்சி படக் கூடாது. மனையை அவளுக்கு மதினியான இந்தக் கஸ்தூரியம்மா பேருக்கு எழுதுங்க. அவுக கையால குடுக்கட்டும். மாட்டேன்னா எங்கையெழுத்தும் கெடையாது."

ஏசுதாசன் தோண்டிய வானக்குழி கண்முன்னே வாயைப் பிளந்தது. செல்லப்பாண்டி தலையை ஆட்டினார்.

பத்திர ஆபீசில் எல்லாம் முடிந்தது. சங்கத்துக்கு நிலம் வில்லங்கமில்லாமல் வந்தது. மூலை மனை கஸ்தூரியம்மாள் பேரில் பதிவானது. வெளியே வந்ததும் வராததுமாகச் செல்லப்பாண்டி பம்மினார்.

"ஏ கஸ்தூரி, அன்னத்தாயிக்கு எப்பக் குடுக்குற?"

"வீடு பால்காய்ச்சும்போது வரச் சொல்லுங்க. நல்ல சேலையா எடுத்து எங்கையாலயே குடுக்குறேன்."

"அப்ப மனை? நான் வாக்குக் குடுத்துட்டேனேடி!"

கஸ்தூரி பத்திரத்தைச் சுருட்டி இடுப்பில் செருகினாள்.

"வக்கீலு அம்புட்டு தூரம் சொன்னாகல்ல? தன்கிட்ட இல்லாததை நீங்க எப்படிங்க குடுப்பீக?"